பின்னட்டை இல்லாத சதுரம்

எங்கள் பல்கலைக்கழக விடுதி மாணவர்களின் இசைக்குழு ஒன்று, சென்ற மாதம் தன் முதல் தொகுப்பை இணையத்தில் வெளியிட ஆயத்தமானது. மொத்தம் ஐந்து பாடல்கள். குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன் திருநெல்வேலிக்காரன். ஹைதராபாத்தில் தமிழில் பேசக் கிடைக்கும் சிலருள் நானும் ஒருத்தி, அதோடு காட்சிப் பண்பாட்டில் ஆய்வு செய்பவள் என்பதால், நூலகத்திற்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் என்னைப் பிடித்து, முகப்புப் படத்தைக் கைபேசியில் காட்டிக் கருத்துக் கேட்டான். கருப்புப் பின்புலம். நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு. அக்கோட்டில் ஓரிடத்தில் மட்டும் சிறு நெளிவு. குழுவின் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. படம் நன்றாகவே இருந்தது.

"பேரெல்லாம் எங்கப்பா?" என்றேன்.

"மினிமலா இருக்கட்டும்னுதான்க்கா எல்லாத்தையும் எடுத்துட்டோம்."

அந்த 'எல்லாம்' யார் யார் என்று கேட்டபோது பட்டியல் நீண்டது. விடுதி அறையில் போர்வைகளைத் தொங்கவிட்டு ஒலிப்பதிவு செய்த மாணவி. இரண்டு பாடல்களுக்குத் தபேலா வாசித்துவிட்டுப் போன ஒரு வெளியாள். ஒரு பாடலின் வரிகளை எழுதிய முதுகலை மாணவர். முகப்பில் மட்டுமல்ல, தொகுப்போடு சேர்ந்து வெளியாகும் எந்த இடத்திலும் இவர்களுடைய பெயர் இடம்பெறப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது கஞ்சத்தனமோ வஞ்சகமோ அல்ல. பெயர்கள் அழகைக் கெடுக்கும் என்று அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க விரும்புகிறேன்.

அவர்களது கோட்டின் பூர்விகத்தைக் கண்டுபிடிப்பது கடினமன்று. இந்தியாவின் எந்தப் பல்கலைக்கழக வளாகத்திலும் நாளொன்றுக்கு ஒருமுறையேனும் கண்ணில் படும் ஒரு கருப்புச் சட்டை உண்டு. அதில் வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர் போல அடுக்கடுக்காக எழுந்து இருபுறமும் அடங்கும். அணிந்திருப்பவரைக் கேட்டால் மலை என்பார், கடலலை என்பார், இதயத்துடிப்பு என்பார். ஒரு நண்பர் அது ஏதோ ஆடை நிறுவனத்தின் முத்திரை என்றே நினைத்திருந்தார். (2012இல் டிஸ்னி நிறுவனம் அதே கோடுகளை மிக்கி மவுஸின் தலை வடிவில் வளைத்துச் சட்டை விற்று, சலசலப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே நண்பரைக் குறை சொல்வதற்கில்லை.) அது மான்செஸ்டரைச் சேர்ந்த ஜாய் டிவிஷன் என்னும் இசைக்குழுவின் முதல் தொகுப்பான 'அன்னோன் பிளெஷர்ஸ்' இசைத்தட்டின் உறை. 1979 ஜூனில் ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. வடிவமைத்தவர் பீட்டர் சாவில். மினிமலிச உறை வடிவமைப்பைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த உறையைக் கடந்து போக முடியாது. நானும் கடக்கப் போவதில்லை. ஆனால் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் சற்றுப் பின்னே போகிறேன்.

அக்கோடுகள் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து வந்தவை.

கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், தம் குழுவினருடன் சேர்ந்து இரண்டாண்டுகள் உழைத்துக் கட்டிய வானொலித் தொலைநோக்கி, 1967இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பது மீட்டர் வரைபடத் தாளைக் கக்கிக்கொண்டிருந்தது. அத்தாள்களைக் கண்ணால் படித்து அலசுவது அவருடைய வேலை. அவற்றில் ஓரங்குலத்திற்கும் குறைவான இடத்தை அடைத்திருந்த ஒரு கிறுக்கல், இன்ன வகை என்று சொல்ல முடியாததாக அவர் கண்ணில் உறுத்தியது. அதைத் தொடர்ந்து போனதில் 1.337 நொடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும் ஒரு வான்பொருள் வெளிப்பட்டது. முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பல்சார் அதுதான். அதற்கு சிபி 1919 என்று பெயரிட்டனர். 1974இல் இக்கண்டுபிடிப்பை ஒட்டிய நோபல் பரிசு அவருடைய நெறியாளர் ஆண்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போயிற்று. ஆய்வு மாணவியின் பெயர் அதில் இல்லை. இக்கதை நம்மிடையே பலமுறை பேசப்பட்டது. 2018இல் தமக்குக் கிடைத்த முப்பது லட்சம் டாலர் பரிசுத் தொகை முழுவதையும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்கே பெல் பர்னெல் கொடுத்துவிட்டார் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு நகர்கிறேன்.

உறையில் இருப்பது பெல்லின் தாள்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது பிழை. அதே விண்மீனைப் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியால் நோக்கியவர் ஹெரால்ட் கிராஃப்ட் என்னும் மற்றொரு ஆய்வு மாணவர். கார்னெல் பல்கலைக்கழகத்திற்கு 1970இல் அவர் அளித்த ஆய்வேட்டில் அந்தப் படம் இருக்கிறது. அடுத்தடுத்து வந்த எண்பது துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். இப்படி அடுக்கியதில் அழகியல் நோக்கம் எதுவும் இல்லை. துடிப்பு வரும் நேரம் கடிகாரம் போலத் துல்லியம்; ஆனால் ஒவ்வொரு துடிப்பின் உருவமும் வேறு வேறு. அந்த வேறுபாட்டிற்குள் ஏதேனும் ஒழுங்கு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், எல்லாவற்றையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவர வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் குழம்பாமல் இருக்க, முன்னே உள்ள முகடு பின்னே உள்ளதை மறைக்கும்படி கணினிக்கு நிரல் எழுதினார். நாம் 'மலை' என்று காண்பது அந்த நிரலின் விளைவு.

இன்னும் ஒரு கை இருக்கிறது. 2015இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் வரைகலைப் பொறுப்பாசிரியர்களுள் ஒருவரான ஜென் கிறிஸ்டியன்சன் இப்படத்தின் மூலத்தைத் தேடிக் கிராஃப்டைக் கண்டடைந்தார். அப்போது கிராஃப்ட் நினைவுகூர்ந்த ஒரு செய்தியை வாசித்துவிட்டு நான் நெடுநேரம் அதிலேயே நின்றுவிட்டேன். கணினி தந்த கோடுகள் அச்சுக்கு ஏற்றவாறு அழுத்தமாக இல்லை. ஆகவே கார்னெலில் பணிபுரிந்த வரைவாளர் ஒருவரிடம் அதைக் கொடுத்தார். அந்தப் பெண்மணி எண்பது கோடுகளையும் இந்தியன் இங்க்கால் கையால் ஒற்றியெடுத்து வரைந்து தந்தார். அந்த நினைவுகூரலில் அவருக்குப் பெயர் இல்லை. கோடிக்கணக்கான கண்கள் கண்டிருக்கக்கூடிய, இன்று எவ்வளவோ சட்டைகளில் ஏறிய ஒரு கோட்டின் அழுத்தம் அவருடைய கையுடையது.

அங்கிருந்து படம் சயன்டிஃபிக் அமெரிக்கனின் 1971 ஜனவரி இதழுக்கும், பின்னர் கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியத்திற்கும் போயிற்று. மான்செஸ்டரின் மைய நூலகத்தில் அந்தக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிய இசைக்குழுவினர் கண்ணில் அது பட்டது. கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர்தான் கண்டெடுத்தவர் என்பது பரவலான வழக்கு. வெள்ளைத் தாளில் கருப்புக் கோடுகளாக இருந்ததைச் சாவில் தலைகீழாக்கினார். கருப்பில் வெள்ளை. சொரசொரப்பான தாள். முகப்பில் பெயரோ தலைப்போ இல்லை. தட்டின் இரு பக்கங்களுக்கும் எண்களுக்குப் பதிலாக 'வெளியே', 'உள்ளே' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள்.

சாவில் செய்தது சிறிய காரியம் என்று நான் சொல்லவில்லை. அச்சுத்தாளில் அளவீடாகக் கிடந்ததை, நிறத்தை மாற்றிய ஒரே செயலால், இருளில் எங்கோ தொலைவில் துடிக்கும் ஒன்றாக ஆக்கினார். விண்மீன் உண்மையில் இருப்பதும் இருளில்தானே. அதைவிட முக்கியம், இப்படம் அந்த இசைக்குப் பொருந்திய விதம். ஸ்டீபன் மோரிஸின் தாளம் இயந்திரம் போல வழுவாது; அதன்மேல் இயன் கர்டிஸின் குரல் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக நடுங்கும். மாறாத இடைவெளியில் மாறிக்கொண்டேயிருக்கும் உருவம் என்று கிராஃப்ட் எதைத் தேடினாரோ, அதையே இத்தொகுப்பிலும் கேட்க முடியும். குறியீடு என்பது ஒட்டவைத்த பொருளாக இல்லாமல் அமைப்பிலேயே ஒத்திருக்கும்போது என்ன நிகழும் என்பதற்கு நான் வகுப்பில் காட்டும் முதல் எடுத்துக்காட்டு இதுதான். 1980 மே மாதம் கர்டிஸ் மறைந்த பிறகு அதே கோடுகளை மக்கள் வேறு விதமாக வாசிக்கத் தொடங்கினார்கள். உறையில் சொற்கள் இருந்திருந்தால் அந்த வாசிப்புக்கு இடமிருந்திராது. வெறுமையின் ஆற்றலை மறுப்பவள் அல்லள் நான்.

ஆனால் கிராஃப்டின் பெயர் அந்த உறையின் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உடன் பணிபுரிந்த ஒருவர் சொல்லித்தான் அவருக்கே செய்தி தெரிந்தது. கடைக்குப் போய், தம் படம்தானே, தம்மிடமும் ஒரு படி இருக்கட்டும் என்று காசு கொடுத்து ஓர் இசைத்தட்டும் ஒரு சுவரொட்டியும் வாங்கிக்கொண்டார். ஆய்வு மாணவர்களாகிய நாம் இந்த இடத்தில் சிரிப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

'குறைவே நிறைவு' என்னும் கோட்பாட்டை வடிவமைப்புத் துறைகளில் பயிற்றுவிக்கும்போது, எதை நீக்கினார்கள் என்று கேட்கிறோம். நீக்கியதை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று கேட்பதில்லை. இசைத்தட்டுக் காலத்தின் புகழ்பெற்ற மௌனங்களை இந்த இரண்டாம் கேள்வியோடு திருப்பிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் வெளியிட்ட வெள்ளைத் தொகுப்பு, ரிச்சர்ட் ஹாமில்டன் வடிவமைத்தது. முகப்பில் நிறமற்றுப் புடைத்து நிற்கும் குழுப் பெயரும், அடியில் ஒரு வரிசை எண்ணும் மட்டுமே உண்டு. ஆனால் உறைக்குள் நால்வரின் வண்ண ஒளிப்படங்களும், பின்புறம் பாடல் வரிகள் அச்சிட்ட பெரிய சுவரொட்டியும் இருந்தன. 1973இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' முகப்பில் முப்பட்டகமும் ஒளிக்கற்றையும் மட்டும்தான்; விரித்தால் உள்ளே வரிகளும் பங்களித்தோர் பெயர்களும்.

இவ்வகையில் உச்சம் லெட் செப்பலினின் நான்காம் தொகுப்பு, 1971. முகப்பில் பெயர் இல்லை, பின்னட்டையில் இல்லை, முதுகிலும் இல்லை. தலைப்பே இல்லை, நான்கு உறுப்பினர்களுக்கும் நான்கு குறிகள் மட்டும். முந்தைய தொகுப்புக்குக் கிடைத்த விமர்சனங்களால் சலித்துப்போன ஜிம்மி பேஜ், பெயரின் துணையில்லாமல் இசை நிற்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தார். (இந்தப் பிடிவாதம் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கே கட்டுப்படியாகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெயர் போடாமல் விற்க முடிவதே பெயருக்குக் கிடைத்த விளம்பரம்.) ஆயினும் அத்தொகுப்பில் ஒரே ஒரு பாடலில் உடன்பாடிய சாண்டி டென்னியை அவர்கள் விட்டுவிடவில்லை. உள்ளுறையில் அவருக்கும் ஒரு குறி உண்டு, மூன்று முக்கோணங்கள். தங்கள் பெயரையே மறைத்துக்கொண்டவர்கள் விருந்தினருடைய இடத்தை மறக்கவில்லை.

சாவிலே இன்னொரு எடுத்துக்காட்டும் தருகிறார். ஜாய் டிவிஷனில் எஞ்சியோர் உருவாக்கிய நியூ ஆர்டர் குழுவுக்காக 1983இல் அவர் வடிவமைத்த 'புளூ மண்டே' உறை, கணினி நெகிழ்தட்டின் சாயலில், துளைகள் வெட்டப்பட்டு, ஓர் எழுத்துகூட இல்லாமல் இருக்கும். ஓரத்தில் வண்ணக் கட்டங்களின் வரிசை மட்டும். அந்தக் கட்டங்கள் உண்மையில் எழுத்துகள். பாடலின் பெயரும் குழுவின் பெயரும் வெளியீட்டு எண்ணும் அவற்றில் இருக்கின்றன. படிப்பதற்கான திறவுகோல், அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பின் பின்னட்டையில் வண்ணச் சக்கரமாக வைக்கப்பட்டது. அதாவது எதுவும் நீக்கப்படவில்லை. தேடினால் கிடைக்கும் இடத்திற்கு நகர்த்தப்பட்டது. அந்த உறையைச் செய்ய ஆன செலவால் விற்ற ஒவ்வொரு படிக்கும் ஃபாக்டரி நிறுவனம் நட்டமடைந்தது என்றொரு கதையும் உலவுகிறது. தொகை சொல்பவருக்கேற்ப மாறுவதால் கதையாகவே விட்டுவிடுவோம். ஆனால் 'எளிமை' மலிவானது என்று எண்ணும் மாணவர்களுக்கு அதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

நம் நாட்டு இசைத்தட்டுகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். கிராமபோன் கம்பெனி வெளியிட்ட கர்நாடக, இந்துஸ்தானி நெடுந்தட்டுகளின் முகப்புகள் பெரும்பாலும் மினிமலிசத்துக்கு நேர் எதிர். பட்டுச்சேலை, தம்புரா, கோபுரம். ஆனால் திருப்பினால் பின்னட்டை ஒரு சிறு ஆவணம். பாடல், இராகம், தாளம், இயற்றியவர், வயலின் யார், மிருதங்கம் யார். பழைய தட்டுகளைத் தேடித் திரியும் என் போன்றோருக்கு, ஒரு பக்கவாத்தியக் கலைஞர் எந்தக் காலத்தில் யாருக்கெல்லாம் வாசித்தார் என்பதற்குச் சில நேரங்களில் கையில் கிடைக்கும் சான்று அந்தப் பின்னட்டை மட்டுமே. அங்கும் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடவில்லை. ஒலிப்பதிவாளர் பெயரை எத்தனையோ தட்டுகளில் தேடி ஏமாந்திருக்கிறேன். இருந்தாலும் தேடுவதற்கு ஒரு பக்கம் இருந்தது.

என் வாதம் இவ்வளவுதான். முப்பது சென்டிமீட்டர் உறையின் முகப்பு பேசாமல் இருந்ததற்குக் காரணம், அதன் பின்னட்டை பேசியது. உள்ளுறை பேசியது. மௌனம் ஒரு பக்கத்துக்கு உரியதாக இருந்தது. பொருள் முழுவதற்கும் அல்ல. இன்று முகப்பு, கைபேசியில் விரல்நகம் அளவுச் சதுரம். அந்த அளவில் நுட்பங்கள் தெரியா. ஆகவே ஒற்றை நிறமும் ஒற்றைக் குறியும் நடைமுறைத் தேவையாகவே ஆகிவிட்டன. அதில் எனக்குப் புகார் இல்லை. புகார் இதுதான்: அச்சதுரத்திற்குப் பின்னட்டை கிடையாது. பின்னட்டை உள்ள காலத்தின் அழகியலைப் பின்னட்டை இல்லாத காலத்திற்கு அப்படியே எடுத்து வந்தால், மௌனம் முழுமையாகிவிடுகிறது. முழு மௌனத்தில் யார் பெயர் முதலில் தொலையும் என்று சொல்லத் தேவையில்லை. குழுவின் பெயரைத் தளமே எப்படியும் படத்துக்குக் கீழே காட்டிவிடும். தொலைவது தபேலாக்காரர் பெயர்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். பதிவேற்றப் படிவங்களில் பங்களிப்பாளர் பெயர்களுக்கென்று பெட்டிகள் இருக்கின்றனவே என்பது முதலாவது. இருக்கின்றன, யாராவது உட்கார்ந்து நிரப்ப வேண்டும். நள்ளிரவில் பதிவேற்றும் பிள்ளைகள் கட்டாயப் பெட்டிகளை மட்டும் நிரப்பிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். உறையை அச்சுக்கு அனுப்பிய காலத்தில் பின்னட்டை வெறுமையாக நின்று, நிரப்பு என்று கேட்டது. பெட்டி அப்படிக் கேட்பதில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது. கிராஃப்டின் பெயரையும் வரைவாளரின் பெயரையும் உறையில் போட்டிருந்தால் அந்தக் கோடுகள் வெறும் அறிவியல் படமாகிச் சுருங்கியிருக்கும். புதிர் போயிருக்கும் என்பார்கள். முகப்பில் போட்டிருந்தால் போயிருக்கலாம். உள்ளுறையில், ரால்ஃப் கிப்சன் எடுத்த ஒளிப்படம் ஒன்று அச்சான அந்த உள்ளுறையில், ஒரு மூலையில் ஒரு வரி போதாதா? அந்தப் படத்தின் மூலக்கதை தெரிந்த இரசிகர்கள், கதை தெரிந்த பின்னும் சட்டையைக் கழற்றிவிடவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது.

இதை எழுதும்போது என் துறையையும் நினைத்துக்கொள்கிறேன். நம் கருத்தரங்க அழைப்பிதழ்கள் அண்மைக்காலமாக மிக அழகாக இருக்கின்றன. நிறைய வெற்றிடம், மெல்லிய எழுத்து, ஓரத்தில் ஒரு வடிவம். நான் களப்பணியில் கையால் வரைந்த ஒரு வரைபடம் ஒருமுறை அப்படியொரு அழைப்பிதழில் அந்த 'வடிவமாக' வந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமன்று. பார்த்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் பெயரைத் தேடினேன். கிராஃப்டைப் போல நானும் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டேன்.

தேநீர்க் கடையில் இவ்வளவையும் அவனிடம் சொல்லவில்லை. முகப்பில் கை வைக்காதே, அது நன்றாக இருக்கிறது. ஆனால் தொகுப்போடு ஒரு பக்கம் போடு, யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுது என்றேன். குழுவில் பேசிச் சொல்வதாகச் சொன்னான். நான்கு நாள் கழித்து ஒரு கோப்பு வந்தது. அதே கருப்பு, அதே வெள்ளை எழுத்து, பதினோரு பெயர்கள். போர்வைகளைக் கொடுத்தவர்கள்கூட இருந்தார்கள். தபேலாவுக்கு நேரே மட்டும் இடம் காலியாக இருந்தது.

அதன் கீழே ஒரு குறுஞ்செய்தி: "அவர எல்லாரும் உஸ்தாத்னுதான்க்கா கூப்பிட்டோம். முழுப்பேரு யாருக்கும் தெரியல. நாளைக்கு அவரோட கடைக்குப் போய்க் கேட்டுட்டு வந்துடுறோம், அதுக்கப்புறம் ரிலீஸ்."